பட்டுப் புடவைக்குக் கீழே கறுப்பு ஷூ

மாலை 6 மணி ஆனதும் குயின் மேரி 2 கப்பலில் ஜனங்கள் உருமாறிவிடுகிறார்கள். பகல் முழுக்க ஸ்வெட்டரும் ஜீன்ஸுமாக மேல்தளத்தில் காற்று வாங்கியவர்கள், டின்னர் ஜாக்கெட்டும் போ டையுமாக, தரையைக் கூட்டும் கவுனுமாக அறைகளிலிருந்து வெளிப்படுகிறார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 7 இரவுப் பயணம். அதில் வழக்கமாக 2 இரவுகள் 'கேலா'. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது டை கட்டிய அடர்நிற சூட், பெண்களுக்கு விருந்து உடை. மற்ற இரவுகளில் டை கூட வேண்டாம். பார்வைக்கு மரியாதையாக இருந்தால் போதும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு பஃபே கூடமும் இன்னும் சில இடங்களும் திறந்திருக்கும். ஆனால் பெரிய விருந்தும் நடனமும் உடுத்தி வந்தவர்களுக்குத்தான்.

விதிமுறையில் ஒரு வரி நமக்கு அனுகூலமானது. விசேஷங்களுக்கு அணியும் தேசிய உடையில் வரலாம். ஒரு பட்டுப் புடவை எந்த கவுனுக்கும் சளைத்ததல்ல. சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைத் திருப்பி அனுப்பியது 2014இல். அதற்கென்று தமிழக சட்டமன்றம் அதே ஆண்டில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பாரம்பரியத்தைக் கட்டிக் காப்பதில் பிரிட்டிஷ்காரர்களைவிட நம்மவர்களுக்குத்தான் அக்கறை அதிகம் போலும்.

ஆக, உடை பிரச்சினை அல்ல. பிரச்சினை கால்.

என் அம்மாவுக்கு 71 வயது, 20 வருட சர்க்கரை நோய். 6 வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் புதுச் செருப்பு உராய்ந்து இடது கால் சுண்டுவிரலில் கொப்புளம் கண்டது. பாதத்தில் உணர்வு மரத்திருந்ததால் மூன்று நாள் அவருக்குத் தெரியவே இல்லை. விரலை எடுக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு, அல்லது குதிகாலையும் பாதவளைவையும் தாங்குகிற ஷூ. வேறெதற்கும் டாக்டர் அனுமதி இல்லை. லண்டனில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நியூஜெர்சியில் தங்கை வீட்டுக்குப் போகத் திட்டம். 35 வருடம் பூகோளம் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு, அட்லாண்டிக்கை விமான ஜன்னல் வழியாகப் பார்க்க மனமில்லை. கப்பல்தான் என்று முடிவு செய்துவிட்டார். துணைக்கு நான்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். அவர்களில் பலருக்கு அம்மாவின் கதை புதிதாக இருக்காது. வலி தெரியாத பாதம் எப்படித் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி என்ற எச்சரிக்கை இல்லாததால் காயப்பட்டுக் காயப்பட்டே போகின்றன என்று காட்டினார். பிறகு அமெரிக்கா சென்றபோது அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தியது. தொழுநோயாளிகளுக்காக நம் ஊரில் பரவிய எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் வீடுகளில் புழங்குவது அந்த வழியில்தான். பெரும்பாணாற்றுப்படையில் ஊர் ஊராகப் போகும் வணிகர்களின் செருப்பை 'அரணம்' என்கிறார் புலவர். கோட்டை மாதிரிக் காப்பது. அம்மாவின் விஷயத்தில் இது உவமை அல்ல.

அம்மாவுக்கு மருந்து மாத்திரையில் சண்டை இல்லை. செருப்பில்தான் சண்டை. "பட்டுக்குக் கீழே இந்த ஆஸ்பத்திரிச் செருப்பா? அப்படின்னா நான் ரூமிலேயே இட்லி மாவு இல்லாத ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கிறேன். நீ போயிட்டு வா." தங்கநிறப் பட்டை வைத்த, கட்டைவிரல் மட்டும் மாட்டுகிற ஒரு செருப்பு பெட்டிக்குள் ரகசியமாகப் போயிருந்தது. விருந்துக்கு மட்டும், இரண்டு மணி நேரம்தானே என்பது அவர் வாதம்.

அந்த வாதம் இந்தக் கப்பலில் செல்லாது. 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2வின் நீளம் 345 மீட்டர். பெரிய சாப்பாட்டு அறை கப்பலின் பின்பாதியில் இருக்கிறது. நடன அரங்கம் அதற்கும் பின்னால். நாடக அரங்கமும் கோளரங்கமும் முன்பக்கத்தில். சாப்பிட்டு, நாடகம் பார்த்து, திரும்பி நடனத்தை வேடிக்கை பார்த்தால் கப்பலை முன்னும் பின்னுமாக அளந்தாயிற்று. பகலில் நாற்காலியில் சாய்ந்து கடல் பார்க்கலாம். நடையும் நிற்றலும் மாலையில்தான் அதிகம். போதாக்குறைக்குக் காலடியில் தரை ஆடும். கப்பல் எவ்வளவு பெரியதானாலும் வட அட்லாண்டிக் அட்லாண்டிக்தான். ஆகவே ஷூ பகலுக்கு, செருப்பு விருந்துக்கு என்ற கணக்கு தலைகீழானது. நல்ல ஷூவை விருந்துக்குத்தான் போட வேண்டும்.

ஒரே ஜோடியில் இரண்டும் முடியுமா? முடியும். கறுப்பு, மேலே பளபளப்போ கம்பெனிச் சின்னமோ வெள்ளை அடிப்பாகமோ இல்லாத தோல் ஷூ. கயிறு அல்லது ஒட்டுப்பட்டை. விரல் பக்கம் அகலமாக. இப்படி ஒன்று புடவைக் கொசுவத்துக்குக் கீழே கண்ணுக்கே தெரியாது. கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய் அளவு கொடுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். புறப்படும் முன் சில வாரங்களாவது, முதலில் தினம் ஒரு மணி நேரம், பிறகு கூட்டி, வீட்டுக்குள்ளேயே பழக்க வேண்டும். புது ஷூவோடு பயணம் கிளம்புவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வெளிர் நிறப் பருத்திக் காலுறைதான் வேண்டும். ரத்தமோ நீரோ கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும். மெட்டி அணிபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூடிய ஷூவுக்குள் மெட்டி பக்கத்து விரலை அறுக்கும். உணர்வு குறைந்த காலுக்கு அதைக் கழற்றி வைப்பதே நல்லது. மாமியாரிடம் டாக்டர் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கம் அம்மாவே கண்டுபிடித்தது. புடவையை ஷூ போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு ஷூ போட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு ஷூ முழுசாகத் தெரிகிறது. ரொம்ப இறக்கிவிட்டாலோ ஆடுகிற தரையில் கொசுவம் காலடியில் சிக்கும். ஷூவின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி, பாவாடையையும் அதே அளவில் முடிந்து, கொசுவத்தில் உள்பக்கமாக ஒரு ஊக்கு.

இனி பெட்டி. கப்பலில் பெட்டி எத்தனை என்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் லண்டனுக்குப் போவதும் நியூயார்க்கிலிருந்து திரும்புவதும் விமானத்தில். அங்கே கிலோ கணக்கு. அம்மா எடுத்து வைத்திருந்தது 5 பட்டுப் புடவைகள். ஜரிகை போட்ட காஞ்சிபுரம் ஒன்றே முக்கால் கிலோவைத் தொடும். பேசிப் பேசி இரண்டு விருந்துப் புடவைகளில் நின்றோம். ஒரு அரக்குக் காஞ்சிபுரம். கறுப்பு-வெள்ளை என்று அறிவிக்கப்பட்ட இரவுக்கு ஒரு கேரளக் கசவு. நல்ல நாளில் கறுப்புப் புடவை கட்டுவதில்லை என்ற அம்மாவின் கொள்கைக்கும் கப்பல் விதிக்கும் கசவில் சமாதானம் ஏற்பட்டது. இரண்டுக்கும் ஒரே தங்கநிற ரவிக்கை. மற்ற இரவுகளுக்கு மடித்தால் கையகலத்தில் அடங்கும் இரண்டு மைசூர் கிரேப். ஒரு கம்பளிச் சால்வை. கசவு கசங்குமே என்ற பயம் வேண்டாம். இலவச சலவை அறை இருக்கிறது, அங்கேயே இஸ்திரி போடலாம். ஷூவைப் பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறினார். எம்.சி.ஆர். செருப்பு அறைக்குள் நடக்க. வெறுங்காலில் ஒரு அடி கூடக் கிடையாது, குளியலறைக்குக்கூட. தங்கப் பட்டைச் செருப்பு வீட்டிலேயே தங்கியது.

கப்பல் ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வந்து சேர சில மணி நேரமாகும். அந்தக் காலத்துக் கப்பல்களில் 'பயணத்தில் தேவை', 'தேவையில்லை' என்று பெட்டிகளில் சீட்டு ஒட்டுவார்கள். தேவையில்லாதது அடித்தளத்துக்குப் போய்விடும். இதை நன்றாக யோசித்து ஒட்டாவிட்டால் என்னவாகும் என்பதற்கு காந்தியே சாட்சி. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறிய அந்த 18 வயது இளைஞர், கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் வெள்ளையில் நின்றவர் அவர் ஒருவர்தான். மற்ற பெட்டிகளைச் சாவியோடு ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, பெட்டி கிடைக்கவில்லை. சத்திய சோதனையில் அந்த வெட்கத்தை அவர் மறைக்கவில்லை. எங்கள் கைப்பையில் இன்சுலின், மாத்திரைகள், காலுறை, ஒரு மைசூர் கிரேப் இருந்தன. கடைசி இரவிலும் இதே கவனம் தேவை. பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் போட வேண்டிய ஷூவையும் சேர்த்துக் கட்டிவிட்டால் நியூயார்க்கில் ஹோட்டல் சப்பலோடு இறங்க வேண்டியதுதான்.

சர்க்கரை நோயாளிக்கு மேற்கு நோக்கிய கப்பல் இன்னொரு வசதி தருகிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். விமானத்தில் அது ஒரே தாவலில் வந்து ஊசி, சாப்பாட்டு வேளைகளைக் குழப்பும். கப்பலிலோ 5 இரவுகளில் இரவுக்கு ஒரு மணி நேரமாகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். ஊசிக் கணக்கை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தோம்.

கேலா இரவில் அம்மா அரக்குப் புடவையில், சரவிளக்கு வெளிச்சம் தேவையில்லாத அளவுக்கு ஜொலித்தார் என்று எழுத ஆசைதான். மகள் எழுதினால் யார் நம்புவார்கள்? எங்கள் மேஜையில் இருந்த வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஜரிகையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். ஷூவை அவர் பார்க்கவில்லை. பிறகு நடன அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கூரிய குதி செருப்புகளை மேஜைக்கடியில் கழற்றி வைத்துக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, கப்பலைச் சுற்றி ஓடும் 7ஆம் தள நடைபாதையில் மூன்று சுற்று நடந்தார். ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் புடவை பறந்தபோது ஷூ நன்றாகவே தெரிந்தது. அங்கே எல்லாருமே ஷூவில்தான் நடந்தார்கள்.

ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அவர் கட்டிலில் கால் நீட்டி உட்காருவார். நான் கைக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் காட்டுவேன். ஷூவுக்குள் கை விட்டுத் துழாவி மடிப்போ மணலோ இருக்கிறதா என்று பார்ப்பேன். முழுதாக ஐந்து நிமிடம் ஆகும். 5ஆம் நாள் வலது குதிகாலில் லேசான சிவப்பு தெரிந்தது. மறுநாள் நடைப்பயிற்சி ரத்து; எம்.சி.ஆர். செருப்பு, நூலகம், ஜன்னலோர நாற்காலி. அன்று மாலை கசவுக்கும் அந்தச் செருப்புதான். அம்மா மறுப்பேதும் சொல்லாமல் பின்பட்டையை மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாள் சிவப்பு இல்லை.

விடிவதற்கு முன்பே வெராசானோ பாலம் வந்தது. இந்தப் பாலத்துக்காகவே கப்பலின் புகைபோக்கியைக் குட்டையாகக் கட்டினார்கள். உச்சிக்கும் பாலத்துக்கும் சில மீட்டர்தான் இடைவெளி. மேல்தளத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் குளிரில் அண்ணாந்து நின்றார்கள், நேற்றைய டின்னர் ஜாக்கெட்டுகள் எல்லாம் இன்று கம்பளிக் குல்லாயோடு. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு, கறுப்பு ஷூவில், சுதந்திர தேவி சிலை கடந்து போகும் வரை ஒன்றரை மணி நேரம் நின்றார். புரூக்ளின் துறைமுகத்தில் தங்கை முதலில் குனிந்து பார்த்தது அவர் காலைத்தான்.