கிரவுண்டு என்ன போகிறது?

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வீட்டை விற்க நினைப்பவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "கிரவுண்டு என்ன போகிறது?" என்பதுதான். 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டாக வைத்துக் கணக்குப் போடுவது சென்னையின் பழக்கம். பக்கத்துத் தெரு வீடு போனதாகத் தரகர் சொன்ன தொகை, கல்யாண வீட்டுப் பந்தியில் காதில் விழுந்த தொகை, இணையத்தில் யாரோ ஆசைப்பட்டுப் போட்டிருக்கும் தொகை மூன்றும் கலந்து மனத்தில் ஓர் எண் உட்கார்ந்துவிடும். பத்திரக் கட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்ற கேள்வியோ பார்ட்டி அட்வான்ஸ் நீட்டிய பிறகுதான் எழும். வீடு விற்பதில் நேரும் பிழைகள் பல இருந்தாலும், தென்சென்னையில் அவற்றில் பெரும்பாலானவை இந்த முன்பின் மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கட்சி. எத்தனை பேர் வாங்க வரமுடியும் என்பதை ஆவணம் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் விலை.

அடையாறு இந்திரா நகரில் ஒரு பழைய ஃபிளாட் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். வங்கிக் கடன் இல்லாமல் அவர்களால் அசைய முடியாது. வங்கி வக்கீலுக்குச் சுவரின் வண்ணத்தில் அக்கறை இல்லை. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, ஒப்புதல் பெற்ற வரைபடம், விற்பவர் பெயரில் சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்று குறைந்தாலும் கடன் நிற்கும். கடன் நின்றால் வாங்க வருபவர்களில் பெரும்பகுதி கழன்றுகொள்ளும். மிஞ்சுபவர்கள் கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள். தாங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்ப அடித்துக் கேட்பார்கள். அசல் தாய்ப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55ஏ சேர்க்கப்பட்டது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதியைச் செல்லாததாக்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டவர்கள் உண்டு. சார்பதிவாளர் கேட்காவிட்டாலும் வங்கி வக்கீல் கேட்பார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். பதிவு ஆவது வேறு, உரிமை தெளிவாக இருப்பது வேறு.

உரிமைச் சிக்கல் இந்தப் பகுதிகளில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு ஊரின் வயதே காரணம். தியாகராய நகர் 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. அடையாறு காந்தி நகர், நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டிக் கூட்டுறவுச் சங்கம் மனை பிரித்துக் கொடுத்த இடம். மயிலாப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் மனை வாங்கியவரின் பேரனோ கொள்ளுப்பேரனோதான் இன்று விற்க வருகிறார். நடுவில் இரண்டு மூன்று மரணங்கள் நடந்திருக்கும், எதற்கும் பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணுக்கு மனைவி, மக்களோடு அவருடைய தாயும் முதல்நிலை வாரிசு என்கிறது 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடிருந்தால் பாட்டிக்கும் ஒரு பங்கு. பாட்டியும் உயில் எழுதாமல் போனால் அந்தப் பங்கு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் கூடப் பிரியும். பெங்களூரில் இருக்கும் அத்தைக்கு அந்த வீட்டில் தனக்குப் பங்கு உண்டு என்பதே தெரிந்திருக்காது. வாங்குபவரின் வக்கீல் தெரியப்படுத்துவார். மகள்கள் விஷயமும் இப்படித்தான். அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-ல் உரிமை கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்போது தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "சீர் செய்து அனுப்பியாயிற்று" என்ற வாதம் பந்தியில் எடுபடலாம், பத்திரத்தில் எடுபடாது. உயில் இருந்தாலும் ஒரு சங்கதி உண்டு. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கவேண்டும் என்பது நெடுங்காலம் இருந்துவந்த முறை. அந்தப் பழக்கத்தில் ஊறிய வக்கீல்கள் அதைக் கேட்காமல் விடுவது அபூர்வம்.

எங்கள் குடும்பத்தில் சண்டையே கிடையாது, கூப்பிட்டால் எல்லோரும் வந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒற்றுமையை எப்போது சோதனைக்கு உட்படுத்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். விலை தெரியாத நாளில் "அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடத் தயாராக இருந்த தங்கை, ஐந்து கோடி என்ற எண் காதில் விழுந்தபின் யோசிப்பதில் குற்றமொன்றும் இல்லை; யோசிக்காவிட்டாலும் அவள் பிள்ளைகள் யோசிப்பார்கள். ஆகவே பாகம் பேசுவது, அவரவர்க்கு நியாயமாகச் சேர வேண்டியதை எழுதிவைப்பது எல்லாம் தரகர் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

மயிலாப்பூருக்கே உரிய இன்னொரு வலை, அடிமனை. கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் கட்டடம் குடியிருப்பவருடையது, மண் கோயிலுடையது என்ற நிலை பல இடங்களில் உண்டு. மூன்று தலைமுறையாக வரியும் மின்கட்டணமும் கட்டியவருக்கு மண்ணும் தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அறநிலையத் துறையின் ஒப்புதல் இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. குடியிருப்பவர் கைமாற்றக்கூடியது, அதுவும் நிபந்தனைக்குட்பட்டு, கட்டடத்தின் மேலுள்ள உரிமையைத்தான். பக்கத்துத் தெருவின் கிரவுண்டு விலை இவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஃபிளாட் வைத்திருப்பவர்களின் பிழை வேறு மாதிரி. எதிரில் புதிதாக எழுந்த கட்டடத்தில் சதுர அடி இன்ன விலை, நம்முடையது பழசு, கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய ஃபிளாட்டின் விலை மண்ணில் இருக்கிறது. இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், எட்டு வீடு கட்டிய காலத்து ஃபிளாட்டுக்குப் பிரிபடாத பாகம், எல்லோரும் சொல்கிற யூ.டி.எஸ்., 600 சதுர அடி. அதே மனையில் இன்று பதினாறு வீடு எழுந்தால் தலைக்கு 300. ஒழுகுகிற மாடியும் லிஃப்ட் இல்லாத படிக்கட்டும் கொண்ட அந்தப் பழைய ஃபிளாட், புதியதைப் போல் இரண்டு மடங்கு மண்ணைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் இடித்துக் கட்ட வழி திறந்திருக்கிறது. இந்தப் பாகத்தின் மதிப்பு அதனால் இன்னும் கூடும் என்பது என் அனுமானம். பத்திரத்தில் அந்தப் பாகம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, எட்டு வீட்டுப் பாகங்களையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வருகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. கட்டியவர் ஒரு துண்டைத் தன் பெயரிலேயே விட்டுவைத்திருப்பதும் உண்டு. தனி வீடானால் கதை இன்னும் சுருக்கம். வாங்குபவர் பில்டர், அடுத்த மாதமே இடித்துவிடுவார். அவருக்கு வேண்டியது முன்னாலுள்ள சாலையின் அகலம். 2019-ன் கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடத்துக்கே மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்ட இடம் கொடுக்கின்றன. சாலை அகலமானால் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் கட்டலாம். விற்பதற்காக அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது வீண்.

வீடு என்ன கத்திரிக்காயா, காகிதத்தையும் மண்ணையும் மட்டும் பார்க்க என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாழ்ந்த வீட்டுக்கு விற்பவர் மனத்தில் ஒரு விலை இருப்பது இயல்பு. ஆனால் அந்த விலையை வாங்குபவரும் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் கோளாறு. கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-ல் வெளியிட்ட சோதனையில், சாதாரணக் காபிக் கோப்பையைக் கையில் வாங்கிய மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் தர முன்வந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சற்று முன் கிடைத்த கோப்பைக்கே இப்படி என்றால் நாற்பது ஆண்டு வீட்டுக்கு எப்படி இருக்கும்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990-களின் அடுக்குமாடி விற்பனைகளை ஆராய்ந்தவர்கள், வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்ந்தவர்கள் விலையைக் கூட்டிச் சொல்லி, அதனாலேயே நெடுநாள் விற்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டார்கள். மந்தைவெளியில் ஒரு வீடு ஆறு மாதம் விற்காமல் இருந்தால் அந்தச் சுற்றிலுள்ள எல்லாத் தரகர்களுக்கும் தெரிந்துவிடும். "என்ன வில்லங்கமோ" என்ற பேச்சு தானே கிளம்பும்.

தரகர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கணக்கைப் புரிந்துகொள்வது அதைவிடப் பயன் தரும். சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த லெவிட், சைவர்சன் இருவரும் 2008-ல் எழுதியது இது: தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மற்றவர்கள் வீட்டைவிட 3.7 விழுக்காடு கூடுதலாக விற்றார்கள், அதற்காகச் சுமார் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். விலையில் பத்து லட்சம் ஏறினால் இரண்டு விழுக்காடு கமிஷன்காரருக்குக் கிடைப்பது இருபதாயிரம். அதற்காக அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? அவர் அவசரப்படுவதில் சூது எதுவும் இல்லை, கணக்குதான் இருக்கிறது.

ரொக்கத்துக்கு வருவோம். ஒரு பகுதியைக் கறுப்பில் வாங்கிக்கொண்டால் வரி மிச்சம், ஊரே செய்கிறது என்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும்; அந்தப் பணத்தை இன்னொரு வீட்டில் நேர்மையாகப் போடவும் முடியாது, வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் வரிவிலக்கும் அதற்குக் கிடைக்காது. உண்மையான வரி எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் பலர், பயந்த அளவுக்கு இல்லை என்று காண்பார்கள். 2024 ஜூலை 23 முதல் லாபத்தின் மேல் 12.5 விழுக்காடு; அதற்கு முன் வாங்கிய சொத்தானால் பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 விழுக்காடு கட்டும் வழியும் இந்தியாவில் வசிப்பவருக்கு உண்டு. 2001-ல் 40 லட்சம் மதிப்புள்ள வீட்டை 2025-26-ல் மூன்று கோடிக்கு விற்றால் முதல் வழியில் 32.5 லட்சம், இரண்டாவது வழியில் 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பிக்கு இந்த இரண்டாவது வழி கிடையாது. வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்காவிட்டால் அவர் பங்கில் லாபத்தை மட்டும் பார்க்காமல் முழுத் தொகையின் மேலேயே வாங்குபவர் வரி பிடித்துக்கொள்வார். ஒரே பத்திரத்தில் கையெழுத்திடும் அண்ணன் தம்பிக்கு இருவேறு வரி!

கடைசியாக ஒரு வாதம் உண்டு: அவசரமென்ன, திருமயிலையிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோ வரட்டும், விலை ஏறும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஏறலாம், ஏறாது என்று சொல்ல நான் யார்? ஆனால் காத்திருக்கும் காலத்தில் விலை மட்டும் ஏறுவதில்லை, கையெழுத்துகளும் ஏறுகின்றன. இன்று மூன்று பேர் ஒப்பமிட்டால் முடிகிற கிரயம், ஒருவர் போய்விட்டால் அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஆறாகும். அதில் ஒருவர் சிட்னியில் இருப்பார், தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அங்கிருந்து வரவேண்டும். காத்திருக்க விரும்புபவர் காத்திருக்கட்டும். ஆடி மாதம் எப்படியும் யாரும் கிரயம் செய்ய வரமாட்டார்கள். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடவும், பட்டாவில் தாத்தா பெயரை மாற்றவும், பெங்களூர் அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வரவும் அது தோதான மாதம்.