விசில் வந்த திசை... பெருமாள்மலை!

கொடைக்கானல் போன எல்லாருமே பெருமாள்மலையில் ஒரு டீ குடிச்சிருப்பீங்க. ஆனா, பெருமாள்மலையைப் பார்த்திருக்கீங்களா?

வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுகிற பஸ், டம்டம் பாறை தாண்டி, ஊத்து தாண்டி, மூச்சு வாங்க வந்து நிற்கிற ஊர் இது. பழனியிலிருந்து ஏறுகிற ரோடும் இங்கேதான் வந்து சேரும். பட்டர் ஃப்ரூட், பேரிக்காய், மலைப்பூண்டு என்று வரிசையாகக் கடைகள். டிரைவர் ஹாரன் அடிச்சதும் பாதி டீயைக் கீழே கொட்டிட்டு ஓடிப்போய் ஏறிடுவோம். இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஏரி, படகு, குதிரை எல்லாம் இருக்கே! கடைகளுக்குப் பின்னால் மேகத்தைத் தலைப்பாகை மாதிரி சுத்திக்கிட்டு, 2,000 மீட்டருக்கு மேல் உயரமா ஒரு சிகரம் நிற்கும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

அடுத்த தடவை அங்கேயே இறங்கிடுங்க. மொபைலில் கொஞ்சம் கௌபாய் பட மியூசிக் ஏத்திட்டுப் போங்க. எதுக்குன்னு சொல்றேன்.

'பழனி மலைக்கும் கௌபாய்க்கும் என்ன பாஸ் சம்பந்தம்?'னு கேட்கத் தோணும். கௌபாய் நமக்கு அப்படி ஒண்ணும் அந்நியன் இல்லை. 1972-லேயே கர்ணன் 'கங்கா', 'ஜக்கம்மா'ன்னு குதிரையை விரட்டிட்டார். 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தது. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படிச்சு வளர்ந்த அண்ணன்கள் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. அந்த டெக்ஸே இத்தாலிக்காரங்க உருவாக்கின ஆள்தான். நாம விசிலடிச்சுக் கொண்டாடுற கௌபாய் படங்களும் அப்படித்தான். டைரக்டர் செர்ஜியோ லியோனி இத்தாலிக்காரர். மியூசிக் போட்ட என்னியோ மோரிக்கோனி, ரோம் நகரத்து ஸ்கூலில் அவருக்கு கிளாஸ்மேட். அமெரிக்கப் பாலைவனமா நடிச்சது ஸ்பெயின் தேசத்து அல்மேரியா. ஸ்பெயின் நடிக்கலாம்னா, பெருமாள்மலை நடிக்கக் கூடாதா என்ன?

இப்ப மியூசிக்குக்கு வருவோம். கௌபாய் பட இசைக்கு முக்கியமான வேலை ஒண்ணு உண்டு. அந்த நிலம் எவ்வளவு பெரிசுன்னு காதுக்குச் சொல்லணும். 1958-ல் வந்த 'தி பிக் கன்ட்ரி'யில் ஜெரோம் மோரோஸ் இதுக்கு முழு ஆர்கெஸ்ட்ராவையும் இறக்கினார். டைட்டிலில் குதிரை வண்டியின் சக்கரம் சுத்தும்போது வயலின்கள் எல்லாம் சேர்ந்து சுழலும். அதுக்கு மேல பித்தளை வாத்தியங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வரும். ஊர் கூடித் தேர் இழுக்கிற சத்தம்!

மோரிக்கோனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' பண்ணும்போது முழு ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசு கிடையாது. அதுக்கு முன்னாடி ஒரு அமெரிக்க நாட்டுப்பாட்டுக்கு, சாட்டை சொடுக்கு, சுத்தியல் அடி, மணி ஓசையெல்லாம் வெச்சு அவர் பின்னணி போட்டிருந்தார். லியோனிக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாடின குரலைத் தூக்கிட்டு அந்த இடத்தில் ஒரு விசிலை வெச்சாங்க. அடிச்சவர் பேரு அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி. கிடார் வாசிக்கிற மனுஷன், விசிலால் உலகம் பூரா ஃபேமஸ் ஆயிட்டார். அடுத்த வருஷமே வந்த 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' படத்தில் 'டொய்ங் டொய்ங்'னு ஒண்ணு கேட்கும். வேற ஒண்ணுமில்லை, நம்ம கச்சேரி மேடை மோர்சிங்கோட ஒன்றுவிட்ட தம்பி!

1966-ல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. கயோட்டிங்கிற அந்த ஊர் நரி ஊளையிடுற மாதிரி ரெண்டே ரெண்டு ஸ்வரம் மாறி மாறி வரும். ரிங்டோனா நாம தேய்ச்சுத் தள்ளின அதே ட்யூன்தான். நல்லவனுக்கு அதைப் புல்லாங்குழல் வாசிக்கும், கெட்டவனுக்கு ஒக்கரீனாங்கிற மண் ஊதல், மூணாவது ஆளுக்கு மனுஷத் தொண்டை. ட்யூன் ஒண்ணு, ஆள் மூணு. இதைக் கவனிச்சுட்டுப் படத்தைத் திரும்பப் பாருங்க, வேற படமாத் தெரியும்.

அதே படத்தில், கல்லறைகளுக்கு நடுவில் டூக்கோ தங்கத்தைத் தேடி ஓடுவானே... அங்கே மோரிக்கோனி எல்லாத்தையும் மொத்தமா இறக்குவார். முதலில் பியானோ மட்டும். அப்புறம் ஓபோ குடும்பத்து வாத்தியம் ஒண்ணு மெதுவா ட்யூனைப் பிடிக்கும். அடுத்து எட்டா டெல்லோர்ஸோவின் குரல், வார்த்தையே இல்லாமல். டிரம், வயலின்கள், டிரம்பெட்னு ஒவ்வொண்ணா ஏறும். மூணு நிமிஷம் சொச்சத்தில் தலை சுத்திடும். மெட்டாலிக்கா குரூப் 1983-லிருந்து தங்களோட கச்சேரியை இந்த மியூசிக்கோடதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா, ஆஸ்கர் கமிட்டிக்கு மட்டும் காது கொஞ்சம் லேட்டாத்தான் திறந்தது. 2007-ல் ஒரு கௌரவ விருது கொடுத்தாங்க. போட்டியில் ஜெயிச்சு அவர் ஆஸ்கர் வாங்கும்போது வருஷம் 2016, வயசு 87. அதுவும் ஒரு கௌபாய் படத்துக்குத்தான், 'தி ஹேட்ஃபுல் எய்ட்'. 2020-ல் போயிட்டார்.

இதையெல்லாம் ஹெட்போனில் போட்டுக்கிட்டுத்தான் பெருமாள்மலை ஏறினேன். வனத்துறை அனுமதி, கூடவே ஒரு உள்ளூர் அண்ணன். (2018 குரங்கணி தீயை மறந்துட்டு, அனுமதி வாங்காமல் எந்த மலையையும் ஏறாதீங்க, ப்ளீஸ்!) நண்பர்கள் ரெண்டு பேர் முன்னாடி. காபித் தோட்டம், தைலமரம், அப்புறம் புல்வெளி. வெயில் பளிச். காதில் வயலின்கள். சும்மா சொல்லக் கூடாது, நானே கிளிண்ட் ஈஸ்ட்வுட்!

ஷூ லேஸ் கட்ட ஒரு நிமிஷம் குனிஞ்சேன். நிமிர்ந்தால், மலையைக் காணோம். பால் மாதிரி பனிமூட்டம். 'பாதைதான் தெரியுமே'ன்னு நடந்தேன். காதில் ஃபிஸ்ட்ஃபுல் விசில் ஓடிட்டிருந்தது. பனி, விசில், தனியா ஒரு ஹீரோ... பக்கா ஸீன்!

அந்த ட்ராக் முடிஞ்சு, கல்லறை பியானோ ஆரம்பிச்சது. விசில் மட்டும் நிற்கலை.

அந்த மியூசிக்கில் விசிலே கிடையாதே? அதுவும் சுருதி சேராமல் கேட்குது. ஹெட்போனைப் பிடுங்கினேன். எங்கேயோ தூரத்தில், எனக்கு முதுகுப் பக்கத்திலிருந்து ரெண்டு ஸ்வரம் வந்தது. ஒண்ணு கீழே, ஒண்ணு மேலே. நான் அதுவரைக்கும் நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கேன்! காலுக்கடியில் ஒரு கல் உருண்டது. அது எங்கேயோ போய் விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன். பதிலுக்கு விசிலடிக்கலாம்னா உதடு காய்ஞ்சு வெறும் காத்துதான் வருது.

அண்ணன் விசிலடிப்பார், நிறுத்துவார். மறுபடி அடிப்பார், நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் விஷயமே இருக்கு. அவர் பதிலுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கார். மலை எவ்வளவு பெரிசு, நான் எவ்வளவு தள்ளி இருக்கேங்கிறதெல்லாம் எனக்கு உறைச்சது விசிலில் இல்லை, அதுக்கப்புறம் வந்த அமைதியில். மோரோஸ் நூறு வயலினால் நிரப்பின இடத்தை மோரிக்கோனி காலியா விட்டது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சது. கத்தினேன். விசில் கிட்டே வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு மப்ளர் வந்தது, பின்னாடியே அண்ணன்.

"காதுல அதை மாட்டிக்கிட்டு மலை ஏறுவாங்களா தம்பி?" அவ்வளவுதான் திட்டினார். இருபது நிமிஷமா விசிலடிச்சிட்டு இருந்திருக்கார்.

அதனால, மலையில் ஹெட்போன் வேண்டாம். கீழே வந்து கேளுங்க. பஸ்ஸில் கேளுங்க. டம்டம் பாறையில் நின்னு எதிரே விழுகிற தலையாறு அருவியைப் பார்த்துக்கிட்டுக் கேளுங்க. 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைக் கோடு மாதிரி விழும், அந்த தூரத்துக்குச் சத்தமே வராது. எட்டா டெல்லோர்ஸோ குரலுக்கு அளவெடுத்துத் தைச்ச இடம்!

சாயங்காலம் பெருமாள்மலை டீக்கடை பெஞ்சில், அண்ணன் காதில் ஒரு பக்கத்து ஹெட்போனை வெச்சு ஃபிஸ்ட்ஃபுல் போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டார். சாட்டை வந்தப்ப தலையாட்டினார். முடிஞ்சதும் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"யாரோ மாட்டைத் தொலைச்சுட்டான் போலிருக்கு. கிடைச்சுதா?"