விளையாட்டு எப்போது வினையாகிறது?

பெற்றோர் சந்திப்பு நாள்களில் தமிழாசிரியரிடம் கேட்கப்படும் கேள்விகள் முன்பெல்லாம் கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு என்ற அளவில் முடிந்துவிடும். அண்மை ஆண்டுகளில், பிடோக்கில் நான் சந்திக்கும் பெற்றோர் பலர் இன்னொரு கேள்வியையும் உடன் கொண்டுவருகின்றனர். “பையன் எந்நேரமும் கேம்தான், டீச்சர். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?”

இக்கேள்விக்கு நேரடியான விடை உண்டு. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி வேலை தவிர்த்து நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்கும் குறைவாகவே திரையைப் பார்க்க வேண்டும். உறக்கத்திற்கும் உடல்நலத்திற்கும் இது நல்ல வரம்பு. ஆனால், ஒரு பிள்ளை விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டானா என்பதை மணிக்கணக்கு மட்டும் சொல்லிவிடாது. பள்ளி விடுமுறையில் பெரியம்மா பிள்ளைகளோடு சேர்ந்து நான்கு மணி நேரம் விளையாடியவன், சாப்பிடக் கூப்பிட்டதும் முணுமுணுத்தபடியேனும் எழுந்து வந்துவிடுகிறான். இன்னொருவன் விளையாடுவது ஒன்றரை மணி நேரமே. ஆனால் அது நள்ளிரவுக்குப் பிறகு, போர்வைக்குள். மறுநாள் முதல் பாடவேளையில் அவன் தலை மேசைமீது கிடக்கிறது. கவலைப்பட வேண்டியது இரண்டாமவனைப் பற்றியே.

உலகச் சுகாதார நிறுவனமும் மணிக்கணக்கை அளவுகோலாக வைக்கவில்லை. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டில் மின்விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. அது கூறும் அறிகுறிகள் மூன்று. முதலாவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு இல்லாமை. இரண்டாவது, மற்ற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டு முன்னே நிற்றல். மூன்றாவது, தீங்கு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்ந்து விளையாடுதல். இவை பெரும்பாலும் 12 மாத காலம் நீடித்து, படிப்பையோ குடும்ப உறவையோ குறிப்பிடத்தக்க அளவில் பாதித்திருந்தால்தான் அது நோய் எனப்படும். ஆகவே, தேர்வு முடிந்த வாரத்தில் விளையாட்டே கதி என்று கிடக்கும் பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டிவிடுதல் தவறு.

அதேபோல, “வயசானா தானா விட்டுடுவான்” என்று இருந்துவிடுவதும் தவறு. இதற்குச் சான்று நம் ஊரிலேயே உண்டு. சிங்கப்பூரின் தொடக்கநிலை, உயர்நிலை மாணவர்கள் 3,034 பேரை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2011இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சூதாட்ட நோயைக் கண்டறியும் அளவுகோல்களைத் தழுவியே அதன் வினாக்கள் அமைந்திருந்தன. மாணவர்களுள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் சிக்கலான நிலையில் இருந்தனர். அவர்களில் 84 விழுக்காட்டினர் ஈராண்டுக்குப் பின்னரும் அந்நிலையிலிருந்து மீளவில்லை. எதையும் யோசிக்காமல் செய்யும் இயல்பும், பிறரோடு பழகும் திறனில் குறைவும் உடையோர் இதில் எளிதில் சிக்கினர். சிக்கியோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்தன, மதிப்பெண் சரிந்தது. திறன்பேசி இன்றுபோல் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் புகாத காலத்து ஆய்வு இது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிள்ளையின் கோபத்தைக் கண்டு பல பெற்றோர் அஞ்சுகின்றனர். மொபைல் லெஜெண்ட்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஐவர் ஓர் அணி. பாதியில் எழுந்தால் மற்ற நால்வரும் தவிப்பர். விட்டுப்போனவனுக்குத் தண்டனையும் உண்டு. “இந்தக் கணமே வை” என்றால் அவன் சீறுவதில் வியப்பில்லை. அச்சீற்றம் ஒன்றே அடிமைத்தனத்திற்குச் சான்றாகாது. “இந்த ஆட்டம் முடிந்ததும் வைத்துவிடு” என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டம் முடிந்தபின் வைக்க முடிகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு முறையும் “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று நீள்கிறது, மறைத்து விளையாடுகிறான், கேட்டால் பொய் சொல்கிறான், அனுமதியின்றிப் பணம் செலவழிக்கிறான் என்றால், அது வேறு கதை.

இவ்வறிகுறிகளில் பாதி பள்ளியில் தெரியும். மறுபாதி வீட்டில் தெரியும். வாய்மொழிப் பயிற்சியில் வார இறுதியைப் பற்றிக் கேட்டால், பிடோக் நீர்த்தேக்கத்தில் மிதிவண்டி ஓட்டியதையும், தேக்கா சந்தைக்குத் தாத்தாவோடு போனதையும் வாய் ஓயாமல் சொன்ன பிள்ளை, சில மாதங்களில் “ஒன்றுமில்லை” என்று நிறுத்திக்கொள்கிறது. காற்பந்தை விட்டுவிடுகிறது, இடைவேளையில் தனித்து அமர்கிறது. ஆசிரியர் காண்பது இதை. இரவு இரண்டு மணிக்கு அறைக் கதவின் கீழே தெரியும் வெளிச்சத்தைக் காண்பவர் தாயார். இருவரும் பேசிக்கொண்டால்தான் முழு உருவம் கிடைக்கும். நம் குடும்பங்களில் பலர் இதை மானப் பிரச்சினையாக்கி மூடி மறைக்கின்றனர். அதற்குள் ஓராண்டு ஓடிவிடுகிறது. ஆசிரியர்களும் குற்றஞ்சாட்டும் தொனியின்றிக் கண்டதை மட்டும் கூறினால் பெற்றோர் வாய் திறப்பர்.

பேசியதற்கு அடுத்தது செயல். திறன்பேசியைப் பிடுங்கி உடைப்பதால் பயனில்லை. இரவில் வீட்டிலுள்ள அனைவரின் திறன்பேசிகளும், அப்பாவினுடையது உட்பட, வரவேற்பறையில் மின்னூட்டப்படட்டும். விளையாட்டு அவனுக்கு நண்பர்களையும் பாராட்டையும் வெற்றியையும் தருகிறது. அவற்றுக்கு ஈடாக எதையும் தராமல் அதை மட்டும் பறித்தால் வெறுமைதான் மிஞ்சும். ஒரு நாள் அவன் அருகே அமர்ந்து, “இதில் உனக்கு என்ன பிடிக்கிறது?” என்று கேளுங்கள். அந்த விடையிலிருந்தே மாற்று வழி புலப்படக்கூடும்.

அதன் பின்னரும் அந்த மூன்று அறிகுறிகள் விலகவில்லையென்றால், பன்னிரண்டு மாதம் நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டா. பள்ளி ஆலோசகரை நாடுங்கள். மனநலக் கழகத்தில் இயங்கும் அடிமைப்பழக்கங்களுக்கான தேசியச் சேவைப் பிரிவு, மது, சூது ஆகியவற்றோடு மின்விளையாட்டுப் பழக்கத்திற்கும் சிகிச்சை அளிக்கிறது. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் பலதுறை மருந்தகத்திற்கு ஓடும் நாம், இதற்குப் போவதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?