ஒரு பக்கப் பொய்

அமெரிக்காவில் தோல் மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்ததில் ஒரு பொய்க்குப் பங்கு உண்டு. மதிப்பெண் இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால் கூட விண்ணப்பித்த எல்லோரிடமும் அவை இருந்தன. என்னிடம் கூடுதலாக இருந்தது ஒரு கதை. அது நடக்காத கதை.

இங்கே எம்.டி. என்ற முதல் மருத்துவப் பட்டம் முடிப்பவர்கள் எந்தத் துறையில், எந்த ஊரில் ரெசிடென்சி என்கிற சிறப்புப் பயிற்சி செய்வது என்பதை ‘மேட்ச்’ முடிவு செய்கிறது. இறுதியாண்டின் செப்டம்பரில் ஈராஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வுப் பட்டியல், அவற்றோடு ‘இந்தத் துறை ஏன்?’ என்று சொல்லும் ஒரு பக்க பர்சனல் ஸ்டேட்மென்ட். நேர்காணல் முடிந்ததும் நாம் பயிற்சி தரும் மருத்துவமனைக்காரர்களை வரிசைப்படுத்துவோம், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துவார்கள், கணினி ஜோடி சேர்க்கும். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இடம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். எங்கே என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் தெரியும். ‘டெர்ம்’ என்று சுருக்கிச் சொல்லும் தோல் மருத்துவத்தில் பல இடங்களில் ஆண்டுக்கு மூன்று, நான்கு பேரைத்தான் எடுப்பார்கள்.

டெர்ம் ஏன் என்பதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. ரேடியாலஜி, ஆப்தல்மாலஜி, அனஸ்தீசியாலஜி, டெர்மடாலஜி நான்கின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ரோட்’ என்பார்கள் மாணவர்கள். நல்ல வருமானம், அளவான வேலை நேரம். சர்ஜரி வார்டில் விடியும் முன்பே நின்று பழகிய எனக்கு ராத்திரியில் போன் வராத வேலை வேண்டியிருந்தது. ஆசைப்பட்டதில் குற்றமில்லை. எழுதத்தான் தைரியம் வரவில்லை.

அதனால் அப்பத்தாவை எழுதினேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த அப்பத்தாவுக்கு உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. கல்யாண வீடுகளில் அவரை ஓரமாக உட்காரவைத்தார்கள் என்று எழுதினேன். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார் என்று எழுதினேன். அவர் விரல்களில் கார்போகரிசி எண்ணெய் தடவிவிட்ட சிறுவன் அன்றே தோல் மருத்துவனாவதென்று முடிவு செய்துவிட்டான் என்றும் எழுதினேன். கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது, அதைத் தடவி வெயிலில் காட்டுவதும் இன்றைய ‘புவா’ ஒளிச் சிகிச்சையும் ஒரே தத்துவம்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி மட்டும் அறிவியல்படி சரி. பொய்க்கு நடுவே ஒரு உண்மை இருந்தால் நம்பவைப்பது சுலபம்.

அப்பத்தா எந்த எண்ணெயும் தடவியதில்லை. “வலிக்குதா, அரிக்குதா? இருந்துட்டுப் போகுது” என்பார். விசேஷ வீடுகளில் மொய்ப் பணத்தை எண்ணி வாங்கிப் பையில் போடும் பொறுப்பு அவருடையது. ஊரில் பல சம்பந்தங்கள் அவர் பேசி முடித்தவை. அவரை ஒதுக்கியது ஒரே ஆள்தான், அது நான். கூடப் படித்த ஒருவன் “ஒட்டிக்கும்டா” என்று சொன்ன நாளிலிருந்து, அவர் உருட்டிக் கையில் வைக்கும் சோற்றை வாங்காமல் வயிற்று வலி என்று சாக்குச் சொன்னேன். சீக்கிரமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பேரப்பிள்ளைகளுக்குக் கையில் உருட்டிப் போட்டார், எனக்கு மட்டும் தட்டில் கரண்டியால் பரிமாறினார்.

வெண்புள்ளி தொற்றுநோய் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே நிறமி செல்களை அழிப்பதால் வருவது. அதைப் பாடத்தில் படித்த பிறகும் ஊருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. விண்ணப்பம் எழுதும்போதுதான் அவர் நினைவுக்கு வந்தார். நான் செய்ததை ஊர் செய்ததாக மாற்றினேன். கெத்தாக வாழ்ந்த மனுஷியைப் பரிதாபத்துக்கு உரியவராக்கினேன்.

நேர்காணலில் வயதான பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்கள் பாட்டி பெருமைப்படுவார்” என்றார். நன்றி சொன்னேன். அடுத்து ஒரு ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள். எக்செல்லில் எண்களைப் பதிந்து கொடுத்ததுதான் அதில் என் வேலை. திட்டமிட்டதே நான்தான் என்கிற மாதிரி பேசினேன். முதல் பொய் பலித்தபின் இரண்டாவதற்குக் கூச்சமே இல்லை.

ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். கறுத்த தோலில் சொரியாசிஸ் சிவந்து தெரியாது, ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். பாடநூல் படங்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதனால் கறுத்த தோல்காரர்களின் நோய் பிடிபடத் தாமதமாகிறது. இதைச் சொல்லி, தோல் மருத்துவரே இல்லாத பகுதிக்குப் போவேன் என்று எழுதினேன். போகவில்லை. வசதியான புறநகரில் வாரம் நான்கு நாள் கிளினிக். பாதி நேரம் போடாக்ஸும் ஃபில்லரும்தான். அங்கே போக முயன்றேன், அமையவில்லை என்று சொல்லவும் வழியில்லை. முயலவே இல்லை.

என் காலத்தில் மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான். அந்த ஆண்டு மேட்சில் டெர்ம் கிடைத்த அமெரிக்க எம்.டி. மாணவர்கள் காட்டிய ஆய்வுச் சுருக்கம், போஸ்டர், கட்டுரை எல்லாம் சேர்ந்து சராசரி 20-ஐத் தாண்டியது. ஒரே நோயாளியின் கதை சுருக்கமாக, போஸ்டராக, கட்டுரையாக மூன்று முறை எண்ணப்படும் கணக்கு அது. எல்லோரிடமும் பட்டியல் நீளும்போது, ஆளை வேறுபடுத்திக் காட்ட அந்த ஒரு பக்கத்தைத்தான் நம்புகிறார்கள். கதைக்கு விலை ஏறியிருக்கிறது.

விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் அந்தப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்புகிறார்கள். பாதிப் பேருடையதில் ஒரு பாட்டி இருக்கிறார். உங்கள் பாட்டி உண்மையானவராக இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் தோலைப் பார்த்தவுடன் நோயைச் சொல்லிவிடும் அந்தத் துறையின் சாமர்த்தியம் பிடித்திருக்கிறது என்று எழுதுங்கள், போதும். ராத்திரித் தூக்கம் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாம், அது உங்கள் விஷயம். நடக்காததை மட்டும் எழுதாதீர்கள். எண்ணி மூன்று நான்கு நாற்காலிகள் உள்ள அறை அது. நான் உட்கார்ந்ததில், சொன்ன ஊருக்கு உண்மையிலேயே போயிருக்கக்கூடிய ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை அவருக்கு இடமில்லை என்று தகவல் போயிருக்கும்.