நீள நோட்டு

சாயங்காலம் ஐந்து அடித்ததும் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் மர மேசையை இழுக்கும் ஓசை கேட்கும். உழவர்கரையில் நான் குடிவந்த நாளிலிருந்து கேட்கிறேன். பெரியவர் வந்து உட்காருவார். அரிசி மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் என்பது தெருவுக்கே தெரியும். அவரோடு நான் பேசியதில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மேசைமேல் எப்போதும் இரண்டே பொருள். ஒன்று, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் அச்சுத் தொகுதி. மற்றது, சிவப்புத் துணி முதுகு ஒட்டிய நீளக் கணக்கு நோட்டு. புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். கடையில் கிடைக்கிற புத்தகத்தை எதற்காகக் கையால் எழுத வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

எழுதுமுன் இடது கையால் தாளை ஒரு தரம் தடவுவார். தேதியை ஓரத்தில் தனியாக எழுதுவார், பேரேட்டில் எழுதுவதுபோல. பிறகு வாசகம். விலையோ தொகையோ வந்தால் பேனா நின்றுவிடும். உதடு அசையும், விரல்கள் மடங்கி விரியும். வராகனையும் பணத்தையும் மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார். கணக்குச் சரியாக வந்ததும் தலை லேசாக ஆடும்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து, துணி, பாக்கு, சாராயக் குத்தகை என்று வியாபாரத்தில் வளர்ந்தார். ‘ஆனந்தப் புரவி’ என்று அவருக்குச் சொந்தக் கப்பல் இருந்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, நவாபுகளின் சண்டையையும் பிரெஞ்சுக்காரரின் பேரத்தையும் பக்கத்தில் நின்று கண்டார். பணமும் அரசியலும் ஒரே வாசல் வழியாக நுழைந்த காலத்தில் அந்த வாசலில் நின்றவர் அவர். நள வருஷம் ஆவணி 25, அதாவது 1736 செப்டம்பர் 6 தொடங்கி, கால் நூற்றாண்டு அவர் எழுதினார்.

ஒருநாள் பெரியவரின் பேத்தி மேசை ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தாத்தா, இதுல நம்ம ஊரு வருதா?”

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். “தோ பாரு, ஒழுகரை. அதாம்மா நம்ம உழவர்கரை. 1748-ல இங்கிலீஷ்காரன் வந்து ஊரைச் சூழ்ந்துகிட்டப்போ எழுதினது.”

குழந்தை அந்தச் சொல்மேல் விரலை வைத்தாள். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவனின் படை வந்தது, திரும்பியது. பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னோர் ஆங்கிலேயத் தளபதியான கூட்டின் படை வந்தது. ஒழுகரைச் சனங்கள் இரண்டு தரமும் எப்படித் தவித்திருப்பார்கள்!

பிள்ளையின் செல்வாக்கும் நிலைக்கவில்லை. துய்ப்ளேக்சு 1754-இல் கப்பலேறினார். 1756-இல் பிள்ளையின் பதவி போயிற்று. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த அதே மாதம், அவரும் கண்மூடினார். ஜெயித்தவர்கள் பட்டணத்தையே இடித்துத் தள்ளினார்கள். கோட்டை மண்ணாயிற்று. பிள்ளையின் நாட்குறிப்பு ஏடுகள் பிழைத்துக்கொண்டன.

அவற்றை 1846-இல் கலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுப்பித்த படி பாரிஸ் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. தமிழிலும் பின்னால் தொகுதிகள் வந்தன. எழுதிய கை ஒன்று, பார்த்து எழுதிய கைகள் எத்தனையோ. யாரோ ஒரு குமாஸ்தா ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து அடிபிசகாமல் எழுதியதால்தான் அன்றைய புதுச்சேரி நமக்குத் தமிழில் பேசுகிறது. அந்தக் குமாஸ்தாக்களின் பெயர்களும் நமக்குத் தெரிந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அந்த ஏக்கத்தோடு பார்த்த பிறகுதான் எதிர்வீட்டு மேசை எனக்கு விளங்கியது. புத்தகத்தைப் படிப்பது அவருக்குப் போதவில்லை. வாழ்நாளெல்லாம் பிறருடைய வரவையும் செலவையும் ஒரு காசு பிசகாமல் எழுதிய கை அது. இன்னொரு கணக்கறிந்த மனிதனின் நாட்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் வாங்கி வைக்கிறது.

இருட்டிவிட்டது. தாழ்வாரத்து விளக்கைப் பேத்தி போட்டாள். பக்கத்தின் அடிக்கு வந்திருந்தார் பெரியவர். பழக்கம் விடவில்லை, அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே ‘ஆக’ என்று எழுதினார். கூட்டுத்தொகை போடும் இடத்தில் பேனா சற்றுநேரம் நின்றது.

அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மறுபக்கம் புரட்டி, தாளை ஒரு தரம் தடவி, அடுத்த நாளின் தேதியை ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.