ஃபுட்ஸ்க்ரே: உண்டியல் குலுக்கிக் காப்பாற்றிய அணி!

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து மேற்கே கிளம்பும் ரயில், மாரிபிர்னாங் ஆற்றைத் தாண்டியதும் வருகிற முதல் ஸ்டேஷன் ஃபுட்ஸ்க்ரே. நகரத்திலிருந்து 5 கி.மீ.தான். ஆனால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஆவி பறக்கும் வியட்நாமிய ஃபோ சூப் கடைகள். இன்னொரு பக்கம், நம் ஊர் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும் இன்ஜெராவைப் பெரிய தட்டில் விரித்து, அதன்மேல் குழம்பை ஊற்றித் தரும் எத்தியோப்பிய உணவகங்கள். மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மீன் வாசனையும் கொத்தமல்லி வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

இத்தனை நாட்டு மக்கள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஒரு காலத்தில் இங்கு வேலை கிடைத்தது, வாடகையும் குறைவாக இருந்தது. கருங்கல் குவாரி, இறைச்சித் தொழிற்சாலை, கயிறு ஆலை, தோட்டா தயாரிக்கும் தொழிற்சாலை என்று நகரத்துக்குத் தேவையான, ஆனால் நகரத்துக்காரர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத எல்லாமும் மேற்கே தள்ளிவிடப்பட்டன. அந்த உழைப்பாளிகள் சனிக்கிழமை மதியம் போன இடம் ஒன்றுதான். பார்க்லி ஸ்ட்ரீட் வழியாக மேற்கே இருபது நிமிடம் நடந்தால் அது வந்துவிடும். அன்றைக்கு வெஸ்டர்ன் ஓவல், இன்றைக்கு விட்டன் ஓவல். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் வீடு.

மைதானத்துக்கு வெளியே நிற்கும் வெண்கலச் சிலை டெட் விட்டனுடையது. 1951 முதல் 1970 வரை இந்த ஒரே அணிக்காக 321 ஆட்டங்கள் ஆடியவர். புற்றுநோயால் பார்வை போன நிலையில், 1995-ல் திறந்த காரில் எம்.சி.ஜி. மைதானத்தை ஒரு சுற்று வந்து மக்களிடம் விடைபெற்றார். அந்தக் காட்சியைச் சொன்னால் மெல்பர்னில் இன்றைக்கும் கண் கலங்குகிறவர்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அவர் இறந்தார். மைதானம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால். கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் திடலில், ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்து முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தித் தட்டிவிடலாம், எறிய மட்டும் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். உயரமான நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. ஒருவர் தோளில் முழங்காலை ஊன்றி இன்னொருவர் எகிறிப் பந்தைப் பிடிப்பதும் இங்கே ஃபவுல் இல்லை, அழகு!

சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனலை ஃபுட்ஸ்க்ரே முதன்முதலாக வென்றது 1954-ல். கேப்டனும் பயிற்சியாளருமாக இருந்தவர் சார்லி சட்டன். மெல்பர்ன் அணியை 51 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்திய அந்த ஆட்டத்தில் ஜாக் காலின்ஸ் 7 கோல் அடித்தார். அதோடு சரி. 1961-ல் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். பிறகு அரையிறுதிக்குச் சமமான ஆட்டத்தில் 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 என ஏழு தடவை தோல்வி. அதில் 1997-ல் வெறும் 2 புள்ளியில் போனது. அந்த நாளைப் பற்றி வயதான ரசிகர்களிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

வீடு வீடாகப் போன உண்டியல்

தோல்வியைவிடப் பெரிய ஆபத்து 1989 அக்டோபரில் வந்தது. கடனில் தத்தளித்த ஃபுட்ஸ்க்ரேயை, இன்னொரு நொடிந்த அணியான ஃபிட்ஸ்ராயுடன் இணைத்துவிடப் போவதாக லீக் நிர்வாகம் அறிவித்தது. ரசிகர்களைப் பொறுத்தவரை அது இணைப்பு அல்ல, இழவுச் செய்தி.

பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னால் நின்றார். ஒரு பெண் ரசிகர் பெயரில் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் அவகாசம் வாங்கினார்கள். கிடைத்த சில வாரங்களில் பணம் திரட்டியாக வேண்டும். தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாக இறங்கினார்கள். கடைவீதி, ரயில் நிலையம், வீட்டு வாசல் என எதையும் விடவில்லை. மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பெரிய பணக்காரர்கள் அதிகம் இல்லாத ஊரில், பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அணி பிழைத்தது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. 1996-ல் அது பிரிஸ்பேன் அணியோடு இணைந்துவிட்டது.

சில்லறையில் பிழைத்த அணி என்பதால்தானோ என்னவோ, இங்கே ஒரு வீரர் அணி மாறுகிறார் என்றால் அது விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக முடிவதில்லை. 1996-ல், லீகில் புதிதாக நுழையவிருந்த போர்ட் அடிலெய்ட் அணி, கிறிஸ் கிராண்ட் என்ற நட்சத்திர வீரரைப் பெரிய தொகை காட்டிக் கூப்பிட்டது. அப்போது ஒரு குழந்தை ரசிகர் அவருக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒரு 20 சென்ட் நாணயத்தையும் அனுப்பியது, போகாமல் இருப்பதற்காக! கிராண்ட் போகவில்லை. 2007 வரை இதே அணிக்காக 341 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார்.

எல்லோரும் கிளம்பிய அக்டோபர்

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த லீகின் முறை வித்தியாசமாகத் தெரியும். சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. சீசன் முடிந்த அக்டோபரில் அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும். நவம்பரில் டிராஃப்ட் வைத்துப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும். கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் வாய்ப்பு. பாதிக்கப்பட்டவனுக்கு முதல் பந்தி என்பது நல்ல ஏற்பாடுதான்.

2014-ல் புல்டாக்ஸ் பிடித்த இடம் 14. சீசன் முடிந்ததும் கேப்டன் ரயன் கிரிஃபன், ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸ் என்ற புதிய சிட்னி அணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கேப்டனே! அதே வேகத்தில் பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கார்ட்னியும் விலகினார். 2008-ல் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான ஆடம் கூனி எசென்டனுக்குப் போனார். ஷான் ஹிக்கின்ஸ் நார்த் மெல்பர்னுக்கு, லியம் ஜோன்ஸ் கார்ல்டனுக்கு. கூட்டுக் குடும்பம் ஒன்று ஒரே மாதத்தில் பாகம் பிரிந்த கதை.

கிரிஃபனுக்குப் பதிலாக ஜயன்ட்ஸிடமிருந்து வந்தவர் டாம் பாய்ட். 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்வானவர். வயது 19. அதுவரை ஆடியிருந்தது 9 ஆட்டங்கள். ஒப்பந்தம் 7 ஆண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. டப்பா குலுக்கிய ஊர் அந்தத் தொகையைக் கேட்டு வாய் பிளந்தது. அவர் பந்தைத் தவறவிட்டபோதெல்லாம் அந்தப் பணக்கணக்கும் கூடவே பேசப்பட்டது. பத்தொன்பது வயதுப் பையன் தோளில் அதை ஏற்றியது நியாயமா என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

புதிய பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ், 1990-களில் இதே அணிக்கு ஆடியவர். கேப்டன் பதவி பாப் மர்ஃபியிடம் வந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டியபோது இருந்த இடத்திலேயே இருந்த மூத்தவர். 2015-ல் அணி நாக் அவுட் சுற்றுக்குப் போனது. ஊருக்கு மறுபடி ஆசை வந்தது.

2016 ஏப்ரல், சீசனின் மூன்றாவது வாரம். ஹாதார்ன் அணியுடனான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மர்ஃபியின் இடது முழங்கால் மடங்கியது. தசைநார் கிழிந்துவிட்டது. 33 வயதில் அந்த ஆண்டுக்கு ஆட்டம் முடிந்தது. ஜூலையில் ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸுக்குக் கால் முறிவு, ஜாக் ரெட்பாத்துக்கு முழங்கால் காயம். ஈஸ்டன் வுட் தற்காலிக கேப்டனாக, அணி தட்டுத் தடுமாறி ஏழாம் இடத்தில் நாக் அவுட்டுக்குள் நுழைந்தது. ஏழாம் இடத்திலிருந்து யாரும் பட்டம் வென்றது கிடையாது.

முதல் ஆட்டம் பெர்த்தில். வெஸ்ட் கோஸ்ட்டை 47 புள்ளியில் முடித்தார்கள். அடுத்து, தொடர்ந்து மூன்று ஆண்டு சாம்பியனான ஹாதார்ன். 23 புள்ளி வெற்றி. மூன்றாவது ஆட்டம் சிட்னியில், எதிரே யார் தெரியுமா? பழைய கேப்டனை அழைத்துக்கொண்டுபோன அதே ஜி.டபிள்யூ.எஸ்.! சிவப்பு, வெள்ளை, நீலத் துண்டுகளை ஜன்னலில் பறக்கவிட்டபடி கார்களும் பஸ்களும் ஹியூம் நெடுஞ்சாலையில் ஒன்பது மணி நேரம் ஓடின. 89-83. ஆறே புள்ளிதான், அதாவது ஒரு கோல்.

அக்டோபர் 1, எம்.சி.ஜி. 99,981 பேர். சிட்னி ஸ்வான்ஸ் எதிரணி. கடைசிக் கால்பகுதியில் இடைவெளி குறைவாக இருந்த நேரத்தில், மைதானத்தின் நடுப்பக்கத்திலிருந்து ஒருவர் தொலைதூர உதை ஒன்றை விட்டார். பந்து விழுந்து, குதித்து, உருண்டு, யாரும் தொடாமல் கம்பங்களுக்கு நடுவே போனது. உதைத்தவர் டாம் பாய்ட். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது கோல். முடிவு 89-67. 62 ஆண்டு காத்திருப்பு முடிந்தது. 1954-ன் கேப்டன் சார்லி சட்டன் 2012-லேயே காலமாகிவிட்டார். ஆனால், 1989-ல் போராட்டத்தை நடத்திய பீட்டர் கார்டன் அன்று கிளப்பின் தலைவராக அங்கே இருந்தார்.

மேடையில் பயிற்சியாளருக்கான பதக்கத்தை வாங்கிய பெவரிட்ஜ், பாப் மர்ஃபியைக் கூப்பிட்டார். விளையாட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தயங்கித் தயங்கி மேடை ஏற, தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். கோப்பையை உயர்த்திய கைகளில் மர்ஃபியின் கையும் இருந்தது. மறுநாள் விட்டன் ஓவலில் தாத்தாவும் பேரனுமாக வந்து குவிந்தது கூட்டம்.

மர்ஃபி அடுத்த ஆண்டு 312 ஆட்டங்களுடன் ஓய்வு பெற்றார். பாய்ட் 2017-ல் மன அழுத்தத்துக்காக விடுப்பு எடுத்தார். 2019 மே மாதம், 23 வயதில், ஒப்பந்தத்தில் மீதி ஆண்டுகள் இருக்கும்போதே விளையாட்டை விட்டார். உடலும் மனமும் ஒத்துழைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஒரு காலத்தில் அவர் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்த ரசிகர்கள், அந்த உருண்டு போன பந்தைத்தான் இப்போது பேசுகிறார்கள்.

அப்பாவின் ஜெர்ஸி

இந்த லீகில் ஓர் அழகான விதி உண்டு. ஒரு கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடியவரின் மகன் டிராஃப்டுக்கு வந்தால், அவரை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை. 2016 அணியில் டாம் லிபராடோரே அப்படி வந்தவர். அப்பா டோனி, 1990-ல் லீகின் சிறந்த வீரர். இப்போதைய அணியின் உயரமான இளைஞர் சாம் டார்சிக்கு அப்பா லூக், தாத்தா டேவிட் என இரண்டு தலைமுறை முன்னோடிகள் இதே ஜெர்ஸியில் உண்டு. சினிமாவில் வாரிசு என்றால் முகம் சுளிக்கலாம். இங்கே பாட்டிமார்களுக்கு அதில்தான் பெருமை.

போகிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் கோப்பை தூக்கிய ஜோஷ் டங்க்லி 2022 முடிவில் பிரிஸ்பேனுக்குப் போனார். 2024-ல் கேலப் டேனியல் நார்த் மெல்பர்னுக்கும், ஜாக்சன் மெக்ரே செயின்ட் கில்டாவுக்கும் மாறினார்கள். தலையில் ஹெல்மெட்டுடன் ஆடும் டேனியல் 168 செ.மீ. உயரம்தான். குழந்தைகளுக்குச் செல்லப்பிள்ளை. அந்த அக்டோபரில் எத்தனை வீட்டில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்ததோ!

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆண்கள் அணியின் லீக் ஆட்டங்கள் 1997-க்குப் பிறகு விட்டன் ஓவலில் நடப்பதில்லை. அவற்றை நகரத்தில் இருக்கும் மார்வெல் ஸ்டேடியத்தில், மார்ச் முதல் பார்க்கலாம். 2018-ல் சாம்பியனான பெண்கள் அணி விட்டன் ஓவலில் ஆடுகிறது. காற்று பலமாக அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். ஆண்கள் ஆட்டம் இல்லாத அக்டோபரில் போனாலும் குறையில்லை. பார்க்லி ஸ்ட்ரீட்டில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், இந்த வருடம் யார் போகிறார், யார் வருகிறார் என்று பக்கத்து மேஜையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.