ஆச்சி கேட்டது

எங்கள் காலனி ஆச்சி 40 வருஷம் ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாரியவர். புற்றுநோய். போகும்போதெல்லாம், “என்னைய அனுப்பி வச்சிரு தாயி” என்பார். கருணைக்கொலைச் சட்டம் கேட்கும் நண்பர்கள் இதைத்தான் உரிமை என்கிறார்கள்.

மீளவே முடியாதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரிதான். ஆச்சிக்கு நிறுத்துவதற்கு எந்த வென்டிலேட்டர் இருந்தது?

விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் உண்டு: எண்ணெய்க் குளியல், இளநீர், சாவு. அங்கே சம்மதம் கேட்டது யார்? எந்த உயிர் மலிவு என்று ஊரில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. சட்டம் வந்தால், மகனின் கடனை நினைத்துப் போடும் கைநாட்டும் சம்மதமாகிவிடும்.

மார்பின் விதிகளை 2014இலேயே எளிதாக்கினார்கள். முதலில் அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கட்டும், பிறகு சட்டம் பேசலாம். ஆச்சியை இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போய்த்தான் வாங்கினோம். வலி குறைந்த அன்று அவர் கேட்டது கருப்பட்டிக் காப்பி.